பழைய ஜீப் வண்டியின் முன்னச்சுக்கு மசகிடுதல்

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பக்கங்களில் பழைய ஜீப்பை வயற்பணிக்கு வைத்திருப்போர் முன்னச்சைச் சற்றுக் கவனித்தல் அவசியம். 1941-ம் ஆண்டு முதல் யுத்தத்திற்கெனச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் முன்னச்சு அமைப்பையே பிற்காலத்து மஹிந்திரா ஜீப்புகளும் நெடுநாள் தழுவி வந்தன.

இவ்வச்சின் இருமுனைகளிலும் குண்டு போன்ற கூடு ஒன்று உண்டு. சக்கரத்தைத் தாங்கும் வெளிக்கூடு, மேலும் கீழுமாக உள்ள இரு முளைகளைப் பற்றி அதன்மேல் திரும்புகிறது. சக்கரத்தைச் சுழற்றும் மூட்டும், முளைகளின் பேரிங்குகளும் உள்ளேயுள்ள கிரீஸிலேயே வாழ்கின்றன. அநேகர் ஸ்டியரிங் தண்டுகளின் நிப்பிள்களுக்கு மட்டும் கிரீஸ் அடித்துத் திருப்தியடைகின்றனர். கூட்டின் திருகுமூடியைத் திறந்து பார்ப்பவர் சிலரே.

ஏரிப்பாசன வயல்களைப் போன்ற சேற்று நிலத்தில் இறங்கினால், கூட்டின் பின்புறக் கம்பளி வளையம் மண்ணைப் பற்றிக்கொண்டு குண்டின் மேற்பரப்பைத் தேய்க்கும். அப்பால் நீர் உட்புகும். ஆகையால் அன்றே துடைத்து, மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால், அதன்மேல் புதியது திணிப்பது வீண். பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, வளையத்தையும் மாற்றி நிரப்புவதே முறை. மாறாக அது நீர்த்து ஒழுகினால், டிபரன்ஷியல் எண்ணெய் உள்சீல் வழியே கசிகிறதென்றறிந்து, அங்குள்ள எண்ணெய் மட்டத்தையும் உடனே பார்க்க.

பிரிக்கையில் மேல்முளை மூடியின்கீழுள்ள ஷிம் தகடுகளை அவ்வப்பக்கத்திற்கென்றே தனித்தனியே கட்டி வைக்க வேண்டும். அவை மாறினால் பேரிங்கு தளர்ந்து, சாலையில் சக்கரம் நடுங்கும்.