குடை பிடித்தவர் ஸ்டியரிங் பிடித்தார்
ஜப்பான் நாட்டு கார் பந்தய வீராங்கனை கெய்கோ இஹாரா

கார் ரேஸ் நடப்பதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பந்தயம் தொடங்கும் முன் கார்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கார் பக்கத்திலும் ஒரு பெண் கம்பெனி பெயர் அச்சடித்த உடை போட்டுக்கொண்டு, டிரைவருக்கு வெயில் படாமல் குடை பிடித்து நிற்பார். ஜப்பானில் இவர்களுக்கு 'ரேஸ் குயின்' என்று பெயர். குயின் என்றால் ராணி. பெயர்தான் ராணி, வேலை என்னவோ விளம்பரப் பலகை வேலைதான். பந்தயம் தொடங்கப் போகிறது என்று சைகை வந்ததும் குடையை மடக்கிக்கொண்டு ஓரமாகப் போய்விட வேண்டும்.

அப்படிக் குடை பிடித்து நின்ற ஒருவர்தான் கெய்கோ இஹாரா. 1973-ல் டோக்கியோவில் பிறந்தவர். கல்லூரியில் படிக்கும்போது பனிச்சறுக்கு விளையாட்டில் ஈடுபாடு உள்ளவர். மாடலிங் வேலை மூலமாகத்தான் பந்தய மைதானத்துக்குள் வந்தார். வந்த இடத்தில் கண் காரின் மேல் போனது. 'நாமும் ஓட்டினால் என்ன?' என்ற எண்ணம் வந்துவிட்டது. இதைக் கேட்டால் யாருக்குமே சிரிப்பு வரும். ஏன் என்றும் சொல்லிவிடுகிறோம்.

கார் பந்தயத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்துவிடுவார்கள். 'கார்ட்' என்று கூரை இல்லாத குட்டி வண்டி ஒன்று இருக்கிறது. அதில்தான் பழகுவார்கள். 7 முறை உலக சாம்பியன் ஆன ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கர் 4 வயதில் அதில் உட்கார்ந்தவர். இஹாரா முதன்முதலில் பந்தயத்தில் ஓட்டியது 1999-ல். அப்போது அவருக்கு வயது 25. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி அப்போதுதான் 'அ' எழுத வருகிற மாதிரி.

அவர் தொடங்கியது 'ஃபெராரி சேலஞ்ச்' என்ற பந்தயத்தில். எல்லோரும் ஒரே மாதிரியான ஃபெராரி காரை ஓட்ட வேண்டும். கார் ஒன்றாக இருப்பதால், முந்துவதும் பிந்துவதும் ஓட்டுகிறவர் கையில்தான் பெரும்பாலும் இருக்கும். புதிதாக வருகிறவர் தன் நிலைமை என்ன என்று தெரிந்துகொள்ள இது நல்ல இடம்.

இங்கே பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்த விளையாட்டில் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. காருக்குக் காசு, டயருக்குக் காசு, மெக்கானிக்குக் காசு, இடித்துவிட்டால் அதற்கும் காசு. கீழ்மட்டப் பந்தயங்களில் அணி டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. டிரைவர்தான் அணிக்குப் பணம் கொண்டுவந்து இடம் பிடிக்க வேண்டும். அந்தப் பணத்தைக் கம்பெனிகளிடம் ஸ்பான்சராக வாங்க வேண்டும். 'இந்தப் பையன் 8 வயதிலிருந்து ஜெயித்து வருகிறான்' என்று காட்டினாலே கம்பெனிக்காரர்கள் யோசிப்பார்கள். நேற்று வரை குடை பிடித்த பெண் போய் 'எனக்குப் பணம் போடுங்கள்' என்று நின்றால்? கடன் கேட்டு வங்கிப் படி ஏறிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அதையும் தாண்டி இங்கிலாந்து போனார். 2005, 2006 ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 பந்தயங்களில் ஓட்டினார். அது ஒரே ஒருவர் உட்காரும், கூரையில்லாத, சக்கரம் வெளியே தெரியும் வண்டி. 2,000 சி.சி. இன்ஜின். டிரைவரையும் சேர்த்து எடை சுமார் 550 கிலோதான். ஃபார்முலா 1 வரை போக ஆசைப்படும் இளைஞர்கள் பல நாட்டிலிருந்தும் வந்து மோதுகிற இடம் அது. அந்த வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஸ்டியரிங்கை முழுக்கவும் கைபலத்தால் பிடித்துத் திருப்ப வேண்டும்.

கழுத்துக்கு வேலை அதைவிட அதிகம். வேகமான வளைவில் நம் உடம்பு பக்கவாட்டில் இழுக்கப்படும். பஸ் திரும்பும்போது சாய்கிறோமே, அதேதான், பல மடங்கு. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3 மடங்கு இழுப்பு என்றால் கழுத்து 18 கிலோவைத் தாங்க வேண்டும். அதுவும் ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வளைவிலும். அதனால்தான் இவர்கள் கழுத்துக்கென்றே தனியாக உடற்பயிற்சி செய்கிறார்கள். கார் ஓட்டுவது உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

2012-ல் உலக நீண்டநேரப் பந்தயப் போட்டி புதிதாகத் தொடங்கியபோது அதில் இஹாரா இருந்தார். அந்த ஆண்டே பிரான்ஸ் நாட்டின் லெ மான் பந்தயத்திலும் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 38.

லெ மான் என்பது ஓர் ஊர். அங்கே 1923 முதல் நடக்கும் பந்தயம் 24 மணி நேரம் ஓடும். சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கி ஞாயிறு பிற்பகலில் முடியும். ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்கும் மேல். அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் ஊர் ஜனங்கள் போகிற சாதாரண ரோடு. ஒரு காருக்கு மூன்று பேர். மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒருவர் 6 மணி நேரத்துக்குள் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தமாக 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி. மீதி நேரத்தில் தூங்கலாம், சாப்பிடலாம் என்பார்கள். சத்தத்தில் தூக்கம் எங்கே வரும்!

இரவில்தான் கஷ்டம். இஹாரா ஓட்டிய வகைக் கார்கள் நேர்ச்சாலையில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அதே ரோட்டில் அதைவிட வேகமான கார்களும் போகும், மெதுவான கார்களும் போகும். முன்னால் போகிறவரை முந்த வேண்டும், பின்னால் விளக்கடித்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். உள்ளே இன்ஜின் சூடு. ஹெல்மெட்டுக்குள் வரும் குழாய் வழியாகத்தான் தண்ணீர் உறிஞ்ச வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் மூன்று பேரின் உழைப்பும் போச்சு. ஆகவே தன் முறை வரும்போது காரை நல்லபடியாக வாங்கி, நல்லபடியாக அடுத்தவர் கையில் ஒப்படைப்பதுதான் இங்கே பெரிய திறமை. 2014-ல் லார்ப்ர் என்ற பிரெஞ்சு அணியில் ஓட்டியபோது, இஹாராவின் கார் 24 மணி நேரமும் ஓடி முடித்தது.

லெ மானில் பெண்கள் கதை பழையது. 1930-லேயே மார்கரீத் மரூஸ், ஒடெட் சிகோ என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் ஒரு புகாட்டி காரை ஓட்டி 7-ஆவது இடம் பிடித்தார்கள். 1956-ல் ஆனி பூஸ்கே என்ற வீராங்கனை ரான்ஸ் நகரில் நடந்த வேறொரு பந்தயத்தில் விபத்தில் இறந்தார். உடனே லெ மான் நடத்துகிறவர்கள் 'இனி பெண்கள் வேண்டாம்' என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அது திறக்க 1971 ஆனது. இதற்கு முந்தின வருடம், 1955-ல், அதே லெ மானில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காரை ஓட்டியவரும் இறந்தார். அவர் ஆண். அதற்காக 'இனி ஆண்கள் ஓட்ட வேண்டாம்' என்று யாரும் சொல்லவில்லை. இது என்ன நியாயம் என்று எங்களுக்குப் புரியவே இல்லை. பெண்ணின் பாதுகாப்பு என்று பெயர் வைத்து வாசலைச் சாத்துவது எல்லா ஊரிலும் நடக்கும் போலிருக்கிறது.

உலக மோட்டார் பந்தய அமைப்பு 2009-ல் பெண்களுக்காகத் தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைவராக வந்தவர் பிரான்ஸின் புகழ்பெற்ற ராலி வீராங்கனை மிஷேல் மூத்தோன். அந்த ஆணையத்தில் இஹாராவும் உறுப்பினர் ஆனார். ஜப்பானில் மாஸ்டா கார் கம்பெனியோடு சேர்ந்து, 2015 வாக்கில் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பந்தயத்துக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை நடத்தினார். 2017-ல் ஃபுஜி மைதானத்தில் பெண்களுக்கு மட்டுமான 'கியோஜோ கப்' பந்தயம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் மசனோரி செகியா. 1995-ல் லெ மானில் ஜெயித்த முதல் ஜப்பானியர் அவர். 2024 மார்ச்சில் ஜூஜூ நோடா என்ற 18 வயதுப் பெண், ஜப்பானின் மேல்மட்டப் பந்தயமான சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டிய முதல் ஜப்பானியப் பெண் ஆனார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 2018 ஜூனில் நிசான் கார் கம்பெனி இஹாராவைத் தன் இயக்குநர் குழுவில் வெளியிலிருந்து வரும் உறுப்பினராகச் சேர்த்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் 2010 முதல் கார் தயாரித்ததே, அதே நிசான்தான். அவர் சேர்ந்து ஐந்தே மாதத்தில் கம்பெனியின் தலைவர் கார்லோஸ் கோன் கைது செய்யப்பட்டார். தன் சம்பளத்தைக் கணக்கில் குறைத்துக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார், பிறகு நாட்டை விட்டே தப்பிப் போனார். அடுத்த தலைவராக யாரைப் போடலாம் என்று பரிந்துரைக்கும் பொறுப்பை மூன்று வெளி உறுப்பினர்களிடம் கொடுத்தார்கள். அந்த மூவரில் இஹாரா ஒருவர். 2019-ல் கம்பெனி தன் நிர்வாக முறையையே மாற்றியது. மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்யத் தனிக் குழு போட்டார்கள். அதன் தலைவர் நாற்காலியில் கெய்கோ இஹாராவை உட்கார வைத்தார்கள்.