‘பலகாரம்’ என்ற விடைக்கு 3 க்ளூ: கிரிப்டிக் குறுக்கெழுத்து ஏன் சில நாள் ஈஸி, சில நாள் தலைவலி?

மெட்ரோவில் சீட் கிடைத்ததும் மொபைலில் குறுக்கெழுத்தைத் திறக்கிறீர்கள். 1 குறுக்கு... தெரியல. 5 நெடுக்கு... ம்ஹூம். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வரும்போது கட்டத்தில் நிரம்பியிருப்பது 2 சொற்கள்தான். ‘நமக்கெல்லாம் இது செட் ஆகாது’ என்று ஆப்பை மூடிவிடுகிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்க. நேற்று பாதி முடித்த உங்களுக்கு இன்று 2 சொல்தான் வருகிறது என்றால், ஒரே ராத்திரியில் உங்கள் மூளை மழுங்கிவிடவில்லை. புதிரை அமைத்தவர், அதாவது ‘செட்டர்’, இன்று அடுப்பில் தீயைக் கூட்டி வைத்திருக்கிறார். அவ்வளவுதான். எங்கே கூட்டுகிறார், எங்கே குறைக்கிறார் என்று தெரிந்தால் ஆட்டமே மாறும்.

கிரிப்டிக் என்றால் என்ன?

உலகின் முதல் குறுக்கெழுத்தாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, 1913 டிசம்பர் 21-ல் ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வந்தது. அதில் க்ளூ என்றால் நேரடி அர்த்தம்தான். அந்த விளையாட்டு 1920-களில் பிரிட்டனுக்குப் போனதும், அங்கே குறும்பு சேர்ந்து கிரிப்டிக் ஆனது.

கிரிப்டிக் க்ளூவில் விடைக்கு 2 வழிகள் இருக்கும். வாக்கியத்தின் ஒரு முனையில் (தொடக்கம் அல்லது முடிவு) விடையின் நேர் பொருள். மீதிப் பகுதியில், அந்த விடையின் எழுத்துகளை வரவழைக்கும் சொல் விளையாட்டு. மொத்தமாகப் படித்தால் வேறு ஏதோ கதை சொல்வதுபோல் இருக்கும். அதை நம்பினால் போச்சு!

நம்ம ஊரில் பலருக்கு இது ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் மூலம் அறிமுகம். தமிழிலும் இதே பாணியில் புதிர் அமைப்பவர்கள் உண்டு. புரிவதற்காக, இந்தக் கட்டுரைக்கு நாமே தமிழில் சில க்ளூ செய்து பார்ப்போம்.

ஒரே விடை, 3 க்ளூ

விடை: பலகாரம். 5 எழுத்து. ‘பல’ + ‘காரம்’ என்று அழகாகப் பிரியும்.

க்ளூ 1: நிறைய உறைப்பு சேர்ந்த தின்பண்டம் (5)

‘நிறைய’ என்றால் பல. ‘உறைப்பு’ என்றால் காரம். ‘தின்பண்டம்’ நேர் பொருள். ‘சேர்ந்த’ என்ற சொல், இரண்டையும் ஒட்டச் சொல்கிறது. எல்லாம் வெளிச்சத்தில் இருக்கிறது.

க்ளூ 2: நிறைய உறைப்பு, பண்டிகை நாளில் சுடப்படும் (5)

சொல் விளையாட்டு அப்படியேதான். மாறியது நேர் பொருள் மட்டும். ‘சுடப்படும்’ என்றதும் சிலருக்குத் துப்பாக்கி ஞாபகம் வரும். முறுக்கும் அதிரசமும் சுடுவது கொஞ்சம் லேட்டாகத்தான் வரும்.

க்ளூ 3: அநேக அமில எதிரி பண்டிகை நாளில் சுடப்படலாம் (5)

இப்போது க்ரைம் செய்தி மாதிரியே இருக்கா? ‘அநேக’ என்றால் பல. அமிலத்துக்கு எதிரி? பத்தாம் வகுப்பு வேதியியலில் படித்த காரம்! ஒட்டச் சொல்லும் ‘சேர்ந்த’வும் காணோம், கமா கூட இல்லை.

கவனிச்சீங்களா? மூன்றிலும் விடை சமையலறையில் புழங்கும் அதே சாதாரணச் சொல். கடினம் விடையில் இல்லை. க்ளூவில் எவ்வளவு மறைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

கைப்பிடி எத்தனை?

ஒரு புதிரில் எல்லா க்ளூவும் மூன்றாம் வகையாக இருந்தால் யாரும் உள்ளேயே வர முடியாது. அதனால் அனுபவமுள்ள செட்டர்கள் ஆங்காங்கே கைப்பிடி வைப்பார்கள். உதாரணமாக:

மாநகர டிக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும் விலங்கு (3)

மாந‘கர டி’க்கெட். கரடி! விடை உங்கள் கண்ணெதிரிலேயே இருக்கிறது. ‘ஒளிவு’ எனப்படும் இந்த வகை பெரும்பாலும் ஈஸிதான்.

எழுத்துகளைக் கலைத்துப்போடும் ‘அனகிராம்’ இன்னொரு கைப்பிடி. ஆனால் இதிலும் தீயைக் கூட்டலாம். 3 எழுத்தைக் கலைத்தால் 6 வரிசைதான் வரும். வெவ்வேறான 9 எழுத்து என்றால் 3,62,880 வரிசை. ‘கலைத்தால்’ என்று வெளிப்படையாகச் சொல்லாமல் ‘போதையில்’, ‘நடனமாடி’ என்று சொன்னால், அது கலைக்கச் சொல்லும் கட்டளை என்றே பலருக்குத் தோன்றாது.

கட்டமும் விளையாடும்

பிரிட்டிஷ் பாணியில் 15-க்கு 15 கட்டம்தான் வழக்கம். ஒரு சொல்லின் எழுத்துகளில் சுமார் பாதி, குறுக்கே வரும் சொற்களால் கிடைக்கும். எந்தப் பாதி என்பதுதான் கேள்வி. முதல் எழுத்து கிடைத்தால் மனசு உடனே சொல்லைத் தேட ஆரம்பிக்கும். அதை மட்டும் செட்டர் தராமல் விட்டால், அதே க்ளூ ஒரு படி கடினமாகிவிடும். தமிழில் கடைசி எழுத்து ‘ம்’ என்று தெரிந்து பெரிய லாபம் இல்லை. நடுவில் ஒரு ‘ழ’ கிடைத்தால்? கொண்டாட்டம்!

கட்டத்தின் 4 மூலைகளையும் ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் இணைத்தால், ஒரு புதிருக்குப் பதில் 4 குட்டிப் புதிர்களைத் தனித்தனியாக உடைக்க வேண்டிவரும்.

கடினம் வேறு, அநியாயம் வேறு

லண்டனின் ‘அப்சர்வர்’ இதழில் 1926 முதல் புதிர் அமைத்தவர் எட்வர்ட் போய்ஸ் மாதர்ஸ். புனைபெயர் ‘டார்கமாடா’. ஸ்பெயினில் மத விசாரணை என்ற பெயரில் மக்களை நடுங்கவைத்தவரின் பெயர் அது! 1939-ல் அவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு வந்த டி.எஸ்.மக்நட்டும் இன்னொரு விசாரணை அதிகாரியின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்: ‘சிமெனிஸ்’.

பெயர்தான் பயங்கரம். ஆனால், க்ளூ நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கான விதிமுறைகளை 1966-ல் புத்தகமாகவே எழுதியவர் அவர். சாரம் இதுதான்: நேர் பொருள் துல்லியமாக இருக்கணும். சொல் விளையாட்டு ஒழுங்காக விடைக்குக் கொண்டுபோகணும். தேவையில்லாத சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்த விதிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளும் செட்டர்களும் உண்டு. ஆனால் நேர்மை வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை.

இதிலிருந்து ஒரு நல்ல பழக்கமும் வந்தது. விடை யாரும் கேள்விப்படாத சொல்லா? அப்போ சொல் விளையாட்டை ஈஸியாக வை. இரண்டையும் ஒரே நேரத்தில் பூட்டாதே.

செட்டருக்கே தெரியாத விஷயம்

இவ்வளவு வசதி இருந்தும், தன் புதிர் எவ்வளவு கடினம் என்று சரியாகக் கணிப்பது செட்டருக்கே கஷ்டம். காரணம் சிம்பிள்: அவருக்கு விடை தெரியும். மேஜிக் செய்பவருக்குத் தன் வித்தை ஆச்சரியமாக இருக்குமா? ‘இது ரொம்ப ஈஸி’ என்று அவர் வைத்த க்ளூவில்தான் பலர் சிக்குவார்கள். அதனால்தான் விடை தெரியாத இன்னொருவரிடம் கொடுத்துப் பார்ப்பதும், எடிட்டர் திருத்துவதும் முக்கியம்.

நாளிதழ்களும் வாசகர்களுக்குப் படிகள் வைக்கின்றன. ‘கார்டியன்’ திங்கட்கிழமை புதிர் பொதுவாக அந்த வாரத்திலேயே எளிது. லண்டன் ‘டைம்ஸ்’ 2014-ல் சின்னக் கட்டத்தில் ‘குயிக் கிரிப்டிக்’ தொடங்கியது. 2024-ல் ‘கார்டியன்’ தொடங்கிய குயிக் கிரிப்டிக்கில், எந்தெந்த வகை க்ளூ வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? யாராலும் உடைக்க முடியாத புதிரைச் செய்வது சுலபம். வாசகரைக் கொஞ்ச நேரம் திணறவைத்து, கடைசியில் அவரிடமே தோற்பதுதான் செட்டரின் வேலை. ‘அட, இதுதானா!’ என்று நீங்கள் சிரித்தால் அவர் ஜெயித்தார். விடையைப் பார்த்த பிறகும் ‘இது எப்படி?’ என்று எரிச்சல் வந்தால், தப்பு அவருடையதாகவும் இருக்கலாம்.

எனவே நாளை மெட்ரோவில் சிக்கினால் ஆப்பை மூடாதீங்க. முதலில் ஒளிவையும் அனகிராமையும் தேடுங்கள். வாக்கியம் சொல்லும் கதையை மறந்துவிட்டு, 2 முனைகளில் எது நேர் பொருள் என்று மட்டும் யோசியுங்கள்.

இறங்குவதற்குள் ஒரு சாம்பிள்:

குழம்பிய கை வாட, மாதம் பிறந்தால் தருவது (3)

கண்டுபிடிச்சவங்க வீட்டு ஓனருக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்!