சேற்றில் கிடைத்த பாடம்

“எஸ்.பி.எம். எழுதப் போகும் வருடத்தில் சுற்றுலா எதற்கு?” படிவம் ஐந்தில் உயிரியல் ஆசிரியை கொடுத்த அனுமதிக் கடிதத்தைப் பார்த்ததும் அப்பா இப்படித்தான் கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா சொன்னதால் கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் போனது ஜொகூர், பொந்தியான் மாவட்டத்திலுள்ள தஞ்சோங் பியாய்க்கு. ஆசியப் பெருநிலப்பரப்பின் தென்கோடி முனை அது. அங்குள்ள சதுப்புநிலக் காடு 2003-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் அனைத்துலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

சதுப்புநிலப் பாடம் எங்களுக்கு மனப்பாடம். கடலோரச் சேற்றில் முதலில் அப்பி-அப்பி மரம் வேரூன்றும். அதன் மூச்சுவேர்கள் சேற்றைப் பிடித்து வைக்கும். நிலம் உயர உயர பாக்காவ் மரம் அந்த இடத்தைப் பிடிக்கும். இப்படியே கரை கடலை நோக்கி நகரும். இதைப் படம் வரைந்து, பெயர் குறித்து, முழுப் புள்ளியும் வாங்கியிருந்தோம்.

அங்கே மரப்பாலத்தில் நடந்தபோது படம் உயிர் பெற்றது. மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கிய பாக்காவ் விதையைப் பார்த்து, “முருங்கைக்காய்!” என்றாள் தோழி. சேற்றில் பெலாச்சாக் மீன்கள் துள்ளின. ஆனால், பாலத்தின் முடிவில் கடலோர மரங்கள் சில வேரோடு சாய்ந்து கிடந்தன.

“டீச்சர், கரை கடலை நோக்கிப் போகும்னு படிச்சோம். இங்கே கடல்தானே உள்ளே வருது?”

ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. தூரத்தில் போய்க்கொண்டிருந்த பெரிய கப்பல்களையும் கரையில் வந்து மோதிய அலைகளையும் கவனிக்கச் சொன்னார். வந்து படியும் சேற்றைவிட அலை அரித்துச் செல்லும் சேறு அதிகமானால் மரம் எதைப் பிடித்து நிற்கும்? பாடநூல் சொல்வது சேறு வந்து படியும் அமைதியான கரையைப் பற்றி. அந்த நிபந்தனையை நாங்கள் யோசித்ததே இல்லை.

பல்கலைக்கழகத்தில் இப்போது எதைப் படித்தாலும், ‘இது எந்தச் சூழலில் உண்மை?’ என்று கேட்கிறேன். அந்தப் பழக்கம் தஞ்சோங் பியாயில் தொடங்கியது.

அடுத்த முறை பள்ளியில் வெளிப்புறக் கல்விப் பயணம் என்றால், புறப்படும் முன் அந்தப் பாடத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். படம் எடுங்கள், தவறில்லை. கூடவே ஒரு சிறு குறிப்பேடும் இருக்கட்டும். புத்தகத்தோடு ஒத்துப்போகாத ஒன்றையாவது எழுதி வந்து, ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டில் “சுற்றுலா எதற்கு?” என்று கேட்டால், அந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள்.