தாதியின் தொழிலும் சட்டத்தின் காவலும்



செடெனாக் போன்ற தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குத் தோட்டத்து மருந்தகம் நினைவிருக்கும். மருத்துவர் எப்போதாவது வந்து போவார். மற்ற நாட்களில் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டவரும், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவரும் டிரெசர்தாம். அவர்களைப் பதிவேட்டில் கொண்டுவர 1965ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தாதியருக்கு 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் இருக்கிறது. தாதியர் வாரியத்தில் பெயரைப் பதிந்து, ஆண்டுதோறும் தொழில் நடத்தும் சான்றிதழைப் புதுப்பித்தவரே நம் நாட்டில் தாதியாகப் பணியாற்றலாம்.

இந்தக் கட்டுப்பாடு எதற்காக? நோயாளியின் பாதுகாப்புக்காக. ஊசி போடுகிறவர் முறையாகப் பயின்றவரா என்று நோயாளியால் சோதித்துப் பார்க்க முடியாது. அவருக்குப் பதிலாகச் சட்டம் பார்க்கிறது. ஆயினும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. தாதி எதுவரை செய்யலாம் என்பதை யார் முடிவு செய்வது? அவர்மீது புகார் வந்தால், அவரைக் கேளாமலே வேலையை நிறுத்தலாமா?

முதல் கேள்விக்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு வழக்கு நடந்தது. அங்கே வருவாய் குறைந்த மக்களுக்கான குடும்ப நல மருந்தகங்களில் இரண்டு தாதியர் பணியாற்றினர். மருத்துவர்கள் எழுதிக் கையொப்பமிட்ட விதிமுறைகளின்படி பெண்களைப் பரிசோதித்தனர். கருத்தடைச் சாதனங்களையும் மருந்துகளையும் வழங்கினர். ‘இது மருத்துவர் செய்யவேண்டிய வேலை, உரிமமின்றி மருத்துவம் பார்க்கிறீர்கள்’ என்று மருத்துவர்களைப் பதிவு செய்யும் வாரியம் நடவடிக்கைக்கு முனைந்தது. தாதியரும் அவர்களோடு பணியாற்றிய மருத்துவர்களும் நீதிமன்றம் சென்றார்கள். கீழ்நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் 1983இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1975இல் திருத்தப்பட்ட தாதியர் சட்டம் அவர்களுடைய பணியின் எல்லையை விரிவாக்கியிருந்தது. அந்த எல்லைக்குள் நின்று, தம் அறிவுக்கு மிஞ்சியதை மருத்துவரிடம் அனுப்பிய தாதியர்மீது குற்றமில்லை என்பதே தீர்ப்பின் சாரம். வாரியம் தன் விருப்பம்போல் கோடு கிழிக்க முடியாது. சட்டம் கிழித்த கோடே கோடு.

இரண்டாம் கேள்வி இன்னும் வேதனை தருவது. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ், பராமரிப்பில் உள்ள முதியோருக்கும் நோயாளிகளுக்கும் தீங்கு செய்ததாகப் புகாருக்கு ஆளானவர்களின் பட்டியல் ஒன்று வைக்கப்பட்டது. இறுதி முடிவு வருமுன்பே பெயரைத் தற்காலிகமாகச் சேர்த்துவிடலாம். சேர்த்தவுடன் அத்தகைய பராமரிப்பு வேலை போய்விடும். அதற்கு முன் அவர் ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லை. விசாரணையோ மாதக்கணக்கில் நீளும். நான்கு தாதியர் இதை எதிர்த்து வழக்காடினர். 2009 ஜனவரியில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், இம்முறை நேர்மையான விசாரணைக்கான உரிமைக்கு முரணானது என்று அறிவித்தார்கள். அந்தத் தாதியர் குற்றமற்றவர்களா என்பதை நீதிபதிகள் ஆராயவில்லை. கேட்காமல் தண்டிக்கும் முறையையே தவறென்றார்கள்.

இவை அயல்நாட்டுக் கதைகள்தாமே என்று எண்ண வேண்டாம். மலாயாவில் காவல்துறை இன்ஸ்பெக்டராயிருந்த சுரிந்தர் சிங் கண்டா 1958இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவருக்கு எதிரான அறிக்கை விசாரணை அதிகாரியின் கையில் இருந்தது; அவரிடம் காட்டப்படவில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் 1962இல் அந்தப் பணிநீக்கம் செல்லாது என்றது. தம்மீது என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்று அறிந்தால்தானே ஒருவர் பதில் சொல்ல முடியும்? நம் நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது.

செடெனாக்கில் செம்பனைத் தோட்டத்து வீடொன்றில் பிறந்து, குடும்பத்தில் முதன்முதலாக வெள்ளைச் சீருடை அணிந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஒருநாள் அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. சான்றிதழ் நிறுத்திவைக்கப்படும் என்கிறது. அவள் என்ன செய்ய வேண்டும்? கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்துவைக்க வேண்டும். குற்றச்சாட்டையும், அதற்கு ஆதாரமான அறிக்கைகளின் நகலையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். கொடுத்த கெடுவுக்குள் பதில் எழுத வேண்டும். தொழிற்சங்கத்தையும் வழக்கறிஞரையும் அணுக வேண்டும். வாரியத்தின் முடிவை நீதி மறுஆய்வுக்கு உட்படுத்தக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் போக வேண்டும். அழுதுகொண்டே காலத்தைக் கழித்தால் கதவு மூடிவிடும். இதற்கிடையில், சான்றிதழ் இல்லாமல் வேலையைத் தொடரவும் கூடாது. அது நியாயமான வழக்கையும் கெடுத்துவிடும்.

நேயர்களே, நோயாளியைக் காக்கும் சட்டத்தைத் தாதியர் பகையாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் பல்லாண்டு படித்துப் பெற்ற தொழிலை ஒரே கையெழுத்தில் பறிப்பதற்கு முன், பறிகொடுப்பவர் பேச்சையும் கேட்க வேண்டும். அதைக் கேட்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருக்கட்டும்.