நெஞ்சில் பட்ட காயம்: ஆழத்தை எழுதினாரா டாக்டர்?

‘இடது மார்பின் முன்பக்கம் கிழிந்த காயம், 4 செ.மீ. தையல் போடப்பட்டது.’ அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவு டாக்டர் இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரி சென்னைக்கு வரலாம். மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறி, தரமணியில் இறங்கி, ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கோடர் அதைப் படித்து, ஏழு இலக்கக் குறியீடாக மாற்றுவார். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் பில்லைப் பரிசீலிப்பது அந்தக் குறியீட்டை வைத்துத்தான்.

தி.நகர், அடையாறு பக்கம் மெடிக்கல் கோடிங் பயிற்சி மையங்களின் போர்டைப் பார்க்காதவர்கள் குறைவு. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, நர்சிங், பார்மசி படித்த பிள்ளைகள் அங்கே சேர்கிறார்கள். ஆனால் என்ன வேலை என்று கேட்டால், வீட்டில் பலருக்கும் ‘ஏதோ கம்ப்யூட்டர் வேலை’ என்பதற்கு மேல் சொல்லத் தெரிவதில்லை. மேலே சொன்ன ஒரு காயமே போதும், அந்த வேலையின் கனம் புரிந்துவிடும்.

நோய்களையும் காயங்களையும் குறிக்க அமெரிக்காவில் பயன்படும் ஐசிடி-10-சிஎம் பட்டியலில் எஸ்21 என்றால் மார்புப் பகுதியின் திறந்த காயம். அடுத்து வரும் நான்காவது இலக்கத்தில்தான் உயிர் இருக்கிறது. முன்சுவரில் பட்ட காயம் மார்பறைக்குள் புகவில்லை என்றால் 1, புகுந்திருந்தால் 3. முதுகுப் பக்கமானால் 2 அல்லது 4. ஐந்தாவது இலக்கம் கிழிசலா, குத்தா, கடியா என்பதையும், கண்ணாடித் துண்டு மாதிரி ஏதாவது உள்ளே தங்கியிருக்கிறதா என்பதையும் சொல்லும். ஆறாவது, வலமா இடமா. கடைசியில் ஓர் எழுத்து. ஆக, நம் நோயாளிக்கு உள்ளே புகாத கிழிசல் என்றால் எஸ்21.112ஏ, புகுந்திருந்தால் எஸ்21.312ஏ. மாறியது ஒரே ஓர் எண். முதலாமவர் தையலோடு அன்றே வீட்டுக்குப் போகலாம். இரண்டாமவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சேர்ந்து மூச்சு முட்டலாம், நெஞ்சில் குழாய் போட வேண்டிவரலாம், இதயமே காயப்பட்டிருக்கலாம். அந்த உள்காயங்களுக்குத் தனிக் குறியீடுகளும் சேரும். கூடவே விலா முறிந்திருந்தால் அதற்கும் ஒன்று. 2015 அக்டோபர் 1-க்கு முன் அமெரிக்காவில் இருந்த பழைய ஐசிடி-9 பட்டியலில் மார்புச் சுவரின் திறந்த காயத்துக்கு 875.0, 875.1 என்று இரண்டே எண்கள். வலது, இடது என்ற பேச்சே கிடையாது.

இப்போது அந்த வரியை மறுபடி படியுங்கள். காயம் உள்ளே புகுந்ததா? டாக்டர் எழுதவில்லை. சார்ட்டில் வேறோர் இடத்தில் நெஞ்சுக் குழாய் போட்ட குறிப்பு இருந்தால் கோடருக்கு விஷயம் ஊகத்தில் புரிந்துவிடும். ஆனாலும் 3 போட அவருக்கு அதிகாரமில்லை. எழுதாதது நடக்காதது என்பதே இத்தொழிலின் முதல் பாடம். டாக்டருக்கு ‘கொயரி’ அனுப்பிக் கேட்க வேண்டும். ‘உள்ளே புகுந்ததுதானே?’ என்று பதிலை ஊட்டிவிடும் கேள்வியும் கூடாது. புகுந்தது, புகவில்லை, தீர்மானிக்க முடியவில்லை என்று வாய்ப்புகளை வைத்து, முடிவை அவரிடமே விட வேண்டும். உற்பத்தி இலக்கு துரத்தும்போது இதற்குப் பொறுமை தேவை. என்றாலும் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதுதான். ஒருவர் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை, அவரைப் பார்த்தே இராத ஒருவர் முடிவு செய்யக் கூடாது.

புதியவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. கடைசி எழுத்து ‘ஏ’ முதல் விசிட்டுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காயத்துக்கான நேரடிச் சிகிச்சை (ஆக்டிவ் ட்ரீட்மென்ட்) தொடரும்வரை ஏ. காயம் ஆறிவரும்போது பார்க்க வந்தால் டி (D). ஆறிய பின் அதனால் விளைந்த கோளாறுக்கு எஸ். அடுத்தது, பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவருக்கு நெஞ்சுத் தையல் பிரிந்துவிட்டால் அதுவும் ‘திறந்த காயம்’ என்று எஸ்21-க்குப் போவது. அது அடிபட்ட காயமல்ல, அறுவை சிகிச்சையின் சிக்கல். டி81.3 (T81.3) குடும்பத்தில் வரவேண்டியது.

இதெல்லாம் அமெரிக்கர்களின் பில் சமாசாரம் என்று விட்டுவிட முடியாது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கத்திக்குத்தோடு ஒருவரைக் கொண்டுவந்தால், டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ‘ஏ.ஆர். காப்பி’ என்று நாம் கேட்டு வாங்குவது அதன் நகலைத்தான். யார் அழைத்து வந்தார்கள், எப்போது, எதனால் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார், இரண்டு அங்க அடையாளங்கள், காயத்தின் நீளம், அகலம், ஆழம். நெஞ்சுக் காயத்துக்குள் கருவியை விட்டு ஆழம் பார்ப்பது ஆபத்து என்பதால், ஸ்கேன் வரும்வரை ஆழத்தைக் குறிக்காமல் விடுவது சரியான மருத்துவமே. தவறு எங்கே நேர்கிறது என்றால், ஸ்கேன் வந்த பிறகும் அந்த இடம் நிரப்பப்படாமலே போகும்போது.

ஏனென்றால் இந்தப் பதிவை வைத்துத் தரப்படும் காயச் சான்றிதழில் வரும் ‘சாதாரணம்’, ‘கொடுங்காயம்’ என்ற கருத்து வழக்கின் பிரிவையே மாற்றிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவின்படி எலும்பு முறிவு கொடுங்காயம்; உயிருக்கு ஆபத்தானதும் அப்படியே. ஆயுதத்தால் சாதாரணக் காயம் உண்டாக்கினால் 118(1), அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அதுவே கொடுங்காயமானால் 118(2), 10 ஆண்டு அல்லது ஆயுள் வரை போகும். விலா முறிந்ததும் நுரையீரல் துளைபட்டதும் சான்றிதழில் விடுபட்டால், அடிபட்டவர் நீதிமன்றத்தில் வெறும் வாய்வார்த்தையோடு நிற்க வேண்டியிருக்கும். சாலை விபத்து இழப்பீட்டுக்கும் இதே காகிதங்கள்தான் அடிப்படை.

எனவே டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் படியுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், விலா, நுரையீரல் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழு மருத்துவப் பதிவும் வேண்டுமானால் எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதைத் தந்தாக வேண்டும்.