மரக்கிண்ணத்துக்கு எந்த எண்ணெய்?

போன மாதம் ஒரு பாட்டியம்மா, ஒன்றரை வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். "டாக்டர், நாலு நாளா பருப்புச் சாதத்தை வாயில வெச்சாலே துப்புறான். மாந்தமா இருக்குமோ?" என்று கேட்டார்கள். நாக்கைப் பார்த்தேன், வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். குழந்தை கொழு கொழுவென்று நன்றாகத்தான் இருந்தான்.

"எதுலம்மா ஊட்டுறீங்க?" என்று கேட்டேன். பையிலிருந்து ஓர் அழகான மரக்கிண்ணத்தை எடுத்து நீட்டினார்கள். பிளாஸ்டிக் வேண்டாம் என்று மகள் கண்காட்சியில் வாங்கியதாம். முகர்ந்து பார்த்தேன். குப்பென்று சிக்கு வாடை!

"மரம் வெடிக்கக் கூடாதுன்னு தினமும் நல்லெண்ணெய் தடவுறேன் டாக்டர். மருமகன் வேற, பெயின்ட் கடையில ஏதோ எண்ணெய் விக்கிறான், அதைப் பூசினா பளபளன்னு ஆயிடும்ங்கறார்!"

பேரனுக்கு மாந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. கெட்டது கிண்ணம்தான். குழந்தையின் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது!

இன்று பல வீடுகளில் மரக்கிண்ணம், மரக்கரண்டி, சாலட் கிண்ணம் என்று வாங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வயிற்றுக்கு நல்ல எண்ணெயெல்லாம் மரத்துக்கும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

எண்ணெயில் மூன்று ரகம்

காற்று பட்டால் எண்ணெய் மாறும். எவ்வளவு வேகமாக மாறும் என்பதை ஓரளவு காட்ட 'அயோடின் எண்' என்று ஓர் அளவு இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு இது சுமார் 6 முதல் 11. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120. ஆளிவிதை எண்ணெய்க்கோ 170-க்கும் மேல்!

ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து முழுதாகக் காய்ந்து, மெல்லிய கெட்டிப் படலமாகிவிடும். தேங்காய் எண்ணெய் காயாது. ஆனால் அவ்வளவு சீக்கிரம் கெடவும் கெடாது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் இரண்டுக்கும் நடுவில். முழுதாகக் காயவும் மாட்டா, கெடாமல் இருக்கவும் மாட்டா. பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொண்டு சிக்கெடுத்துவிடும். இடியாப்ப உரலில் அப்போதைக்குத் தடவிப் பிழிந்து கழுவி வைப்பது வேறு. கிண்ணத்தில் நாள் கணக்காக ஊற விடுவது வேறு.

கடலை எண்ணெயும் வேண்டாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வரலாம் அல்லவா? கசப்பு இருந்தால் பூச்சி வராது என்று சிலர் வேப்பெண்ணெய் தடவுகிறார்கள். உணவுப் பாத்திரத்துக்கு அது கூடவே கூடாது. கைக்குழந்தைகள் வயிற்றில் வேப்பெண்ணெய் போனால் வாந்தியும் வலிப்பும்கூட வரும்.

பெயின்ட் கடை எண்ணெய்

மருமகன் சொன்னது 'டபுள் பாயில்டு லின்ஸீட் ஆயில்'. இதுவும் ஆளிவிதை எண்ணெய்தானே என்பீர்கள். சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காக இதில் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளைச் சேர்ப்பது வழக்கம். கதவு, ஜன்னலுக்குப் பூசுங்கள். குழந்தை சோறு தின்கிற கிண்ணத்துக்கு வேண்டவே வேண்டாம்!

அப்படியானால் எதைத் தடவுவது?

முதல் வழி, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். 'சித்த வைத்தியர் இதைச் சொல்கிறாரே' என்று சிரிக்காதீர்கள்! மலச்சிக்கலுக்கு உள்ளுக்கே கொடுப்பதுதான். சீட்டில் 'ஐ.பி.' என்று இருக்க வேண்டும். வாசனை சேர்த்தது கூடாது. இது சிக்கெடுக்காது. கழுவக் கழுவப் போய்விடும் என்பதால் மாதம் ஒருமுறை தடவுங்கள்.

இதையே இன்னும் நன்றாகச் செய்யலாம். நாலு பங்கு லிக்விட் பாரஃபினுக்கு ஒரு பங்கு சுத்தமான தேன்மெழுகு. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஆறினால் களிம்பு போல வரும்.

இரண்டாவது, சமையலுக்கென்று விற்கும் எதுவும் கலக்காத ஆளிவிதை எண்ணெய். மிக மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, ஒவ்வொரு பூச்சும் காயச் சில நாள் விட வேண்டும். மூன்று பூச்சு முடிந்து, பிறகும் மூன்று நான்கு வாரம் காய விடுங்கள். ஒரு எச்சரிக்கை! துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

இரண்டும் கிடைக்காதபோது தேங்காய் எண்ணெய் பரவாயில்லை. தினமும் புழங்குகிற பாத்திரத்துக்கு மட்டும், மெல்லிசாக.

தடவும் முறை

கிண்ணத்தை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். எண்ணெயை வெதுவெதுப்பாக்கித் துணியால் தேயுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் மிச்சத்தை அழுத்தித் துடையுங்கள். மூன்று நாள் இப்படி.

கொதிக்கக் கொதிக்க ரசம், சாம்பார் ஊற்றாதீர்கள். தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். கழுவியவுடன் துடைத்து நிழலில் கவிழ்த்து வையுங்கள். மைக்ரோவேவ் பக்கமே கொண்டு போகாதீர்கள். கீறல் விழுந்து உள்ளே கறுத்துவிட்டால், எவ்வளவு ஆசையாக வாங்கியதானாலும் பூத்தொட்டிக்குக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்!

வாங்கும்போது கடைசல்காரரிடமோ கடைக்காரரிடமோ "இதுக்கு என்ன பூசியிருக்கீங்க?" என்று கேளுங்கள். "ஏதோ பாலிஷ்" என்று பதில் வந்தால் அது அலமாரிக்கு அழகு, சாப்பாட்டுக்கு அல்ல.

பாட்டியம்மா கிண்ணத்தை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பாரஃபினும் மெழுகும் தடவியிருக்கிறார்கள். போன வாரம் மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வந்தபோது சொன்னார்கள்: "இப்ப கிண்ணத்தையே நக்குறான் டாக்டர்!"

உங்கள் வீட்டு மரக்கிண்ணத்தையும் ஒருமுறை முகர்ந்து பாருங்களேன்!