அறுபட்ட கைகளுக்கு ஒரு நியாயம்

இறந்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்ற நம்பிக்கை யூதர்களிடம் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. எபிரேய வேதத்தின் பழைய பகுதிகளில் நல்லவனும் கெட்டவனும் செத்தபின் போவது ஷியோல் என்ற ஒரே இருண்ட பாதாளத்துக்குத்தான். கடவுள் தரும் பலனெல்லாம் இந்த வாழ்விலேயே: நீண்ட ஆயுள், பிள்ளைகள், விளைச்சல்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட எசேக்கியேல், உலர்ந்த எலும்புகள் சதையும் தோலும் பெற்று எழக் கண்டார். ஆனால் அந்த எலும்புகள் இஸ்ரயேல் மக்களே என்று அதே அதிகாரம் விளக்கிவிடுகிறது. நாடிழந்த இனம் ஊர் திரும்பும் என்பதே அதன் செய்தி. உடலோடு எழும் நம்பிக்கை, பின்வந்த பாரசீக ஆட்சியில் ஜரதுஷ்டிர சமயத்தின் தாக்கத்தால் வந்தது என்பாரும் உண்டு.

என்னைக் கேட்டால், இந்த நம்பிக்கைக்கு உயிர் கொடுத்தது கி.மு. 167இல் தொடங்கிய கொடுமைதான். சிரியாவையும் யூதர்களின் நாட்டையும் ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கு, விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடைசெய்தான். திருச்சட்டத்தைக் கைவிட்டவன் பிழைத்தான், காத்தவன் செத்தான். பழைய கணக்கு தலைகீழானது. அந்த நாட்களில் உருவான தானியேல் நூலின் கடைசி அதிகாரம்தான், மண்ணில் உறங்குவோர் பலர் விழித்தெழுவர், சிலருக்கு வாழ்வு, சிலருக்கு இழிவு என்று முதன்முதலில் தெளிவாகப் பேசுகிறது.

அதே கொடுமையைச் சொல்லும், கத்தோலிக்க பைபிளில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பன்றி இறைச்சி தின்ன மறுத்த ஏழு சகோதரர்களைத் தாயின் கண்முன் வதைக்கிறார்கள். மூத்தவனின் நாக்கும் கைகால்களும் வெட்டப்படுகின்றன. மூன்றாமவன் முறை வந்ததும் அவனே நாக்கை நீட்டுகிறான், கைகளை விரிக்கிறான். இவை கடவுள் தந்தவை, அவரிடமே திரும்பப் பெறுவேன் என்கிறான். கருவில் உங்களை உருவாக்கியது நானல்ல, உருவாக்கியவர் மீண்டும் உயிர் தருவார் என்று தாயும் தைரியம் சொல்கிறாள்.

ஆன்மா அழியாது என்ற ஆறுதல் அந்தப் பிள்ளைக்குப் போதாது. அவனிடமிருந்து பறிக்கப்பட்டது கை. அவன் கேட்பதும் அதே கையை.

எருசலேம் ஆலயத் தலைமையோடு நெருங்கியிருந்த சதுசேயர் என்ற யூதப் பிரிவினர் உயிர்த்தெழுதலை ஏற்கவில்லை, பரிசேயர் என்ற பிரிவினர் ஏற்றார்கள். கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் பரிசேயர் வழியே நிலைத்தது. மரபுவழி யூதர்கள் இன்றும் நாள்தோறும் நின்று சொல்லும் அமிதா ஜெபம், இறந்தோருக்கு உயிரளிக்கும் கடவுளைப் போற்றுகிறது. இந்த நம்பிக்கையைச் சாவுக்கு அஞ்சியவர்களின் கற்பனை என்று என்னால் ஒதுக்க முடியாது. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் கணக்கைக் கடவுள் பாதியில் மூடக் கூடாது என்று வாதாடியவர்களின் நம்பிக்கை இது.